நுணுக்கம் என்பது துல்லியம்

நடிப்பையும் எழுத்தையும் பற்றிக் கதைக்கும்போது ‘நுவான்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இப்போது தமிழர் வாயில் தாராளமாக வருகிறது. பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. முகிலைக் குறித்த பழைய வேரிலிருந்து கிளைத்து, ஒரே நிறத்துக்குள் கூடிக் குறையும் சாயல்களைக் குறித்து, பின்னர் இசைக்கும் பேச்சுக்கும் கருத்துக்கும் பரவியது. முகிலின் மூட்டம் அதன் இன்றைய பயன்பாட்டிலும் படிந்து கிடக்கிறது. ஒரு நடிகரை ஏன் பிடித்தது என்று விளக்கத் தெரியாதபோது அவரிடம் ‘நுவான்ஸ்’ இருந்தது என்கிறோம். ஒரு கருத்தை நேராகச் சொல்லத் தயங்குபவரையும் அதே சொல்லால் பாராட்டுகிறோம். பிடிபடாதது, மங்கலானது, சொல்லில் அடங்காதது எல்லாவற்றுக்கும் அது கௌரவமான பெயராகிவிட்டது. இந்தப் பழக்கம் கலையை ரசிப்பதற்குத் தடையாக இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு கலையில் மிகத் துல்லியமாகச் செய்யப்பட்ட காரியமே நமக்கு நுணுக்கமாகப் படுகிறது; அதைச் சுட்டிக் காட்டவும் முடியும், ஏன் சரி என்று விளக்கவும் முடியும். இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. கொழும்பில் வளர்ந்த தமிழ் வானொலி நாடகம் என்ற குரற்கலை போதும்.

அந்தக் கலையின் மூலப்பொருள் இலங்கைத் தமிழரின் பேச்சு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் எதிரே நிற்பவரை அழைக்க மூன்று படிகள் உண்டு: நீ, நீர், நீங்கள். ஏவலும் அதற்கேற்ப வா, வாரும், வாங்கோ என்று மூன்றாகும். தமிழகத்தில் சில வட்டாரங்களில் மட்டும் எஞ்சியிருக்கும் ‘நீர்’ இங்கே அன்றாடப் புழக்கம். கணவன் மனைவியை, மூத்தவர் வளர்ந்த இளையவரை, ஆசிரியர் பெரிய வகுப்பு மாணவரை, ஒரே கந்தோரில் வேலைசெய்பவர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைப்பார்கள். மரியாதையும் நெருக்கமும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன. மனைவியைக் கூப்பிடும் ‘இஞ்சாரும்’, கணவனைக் கூப்பிடும் ‘இஞ்சாருங்கோ’ இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உயரங்கள். சுட்டிலும் இதே செழுமை உண்டு. அ, இ, உ என்று இலக்கணம் சொல்லும் மூன்று சுட்டுகளில் தமிழகம் பேச்சில் கைவிட்ட உகரம் யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருக்கிறது. ‘இது’ என் கைக்கு அருகில் உள்ளது. ‘அது’ இருவருக்கும் தொலைவில் உள்ளது. ‘உது’ உன் பக்கத்தில் இருப்பது. ‘உந்தக் கதையை விடும்’ என்றால், நீர் இப்போது சொன்ன, உம்முடைய பொறுப்பில் உள்ள அந்தக் கதையை விடும் என்று பொருள். கேட்பவரைத் தொட்டுவிட்டு வரும் சுட்டு அது. சிங்களத்தின் ‘ஓய’, யப்பானிய மொழியின் ‘சொரெ’ ஆகியவையும் இப்படிக் கேட்பவரின் பக்கத்தைக் காட்டும் சுட்டுகளே. இடத்தை மூன்றாகப் பகுக்கும் மொழிகளில் ‘உன் பக்கம்’ என்பதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

இந்தப் பேச்சு அதன் சொந்த ஊரிலேயே இருந்திருந்தால் அது யாருக்கும் நுணுக்கமாகத் தெரிந்திருக்காது. எல்லாரும் ஒரே மாதிரிப் பேசும் இடத்தில் காது விழிப்பதில்லை. கொழும்பில்தான் வேறுபாடுகள் ஒன்றையொன்று உரசின. வெள்ளவத்தையில் வடக்கிலிருந்து வந்த உத்தியோகக் குடும்பங்களின் ‘வாங்கோ’ ஒலித்தது. கொட்டாஞ்சேனையில் இந்திய வழிவந்த வணிகரும் தொழிலாளரும் பேசிய ‘வாங்க’ ஒலித்தது. ‘சாப்பிட்டீங்களோ’ என்று ஓகாரத்தில் கேட்கும் வீடு ஒன்றிருக்க, ‘சாப்பிட்டீங்களா’ என்று ஆகாரத்தில் கேட்கும் வீடும் அதே நகரத்தில் இருந்தது. ‘வாப்பா’, ‘உம்மா’, ‘நானா’ என்ற உறவுச் சொற்களோடு, வினையின் விகுதி தேய்ந்து வரும் முஸ்லிம்களின் தமிழ் இன்னொரு பக்கம். மட்டக்களப்பாரின் ‘என்ன கா’ என்ற விளியும், சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பழகிய தமிழின் ஏற்ற இறக்கமும் சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டன. ஒருவர் வாய் திறந்ததும் அவர் எங்கிருந்து வந்தவர், எதிரில் நிற்பவரை எந்தப் படியில் வைக்கிறார் என்று மற்றவர் கண்டுகொள்ளும் காது இந்த நகரத்தில் தானாக விளைந்தது. கலைக்கு வேண்டிய ரசிகர் கூட்டம், கலைஞர் வருமுன்பே தயாராக இருந்தது.

இத்தகைய வேறுபாடுகளை ‘உணர்வு’ என்று சொல்லி ஒதுக்காமல் விதியாக எழுதிவைத்த மரபு தமிழுக்கு உண்டு. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது ‘ஈ’ என்பது தாழ்ந்தவர் சொல், ‘தா’ என்பது ஒத்தவர் சொல், ‘கொடு’ என்பது உயர்ந்தவர் சொல் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்லும் மரியாதை வழக்கையும் அது கவனிக்கிறது. மூன்று சொற்களும் ஒரே பொருளைக் கேட்கின்றன. வேறுபாடு முழுவதும் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே உள்ள உறவில் இருக்கிறது. அந்த வேறுபாட்டை இலக்கணத்துக்குள் கொண்டுவந்தவர் அதை மங்கலான ஒன்றாகக் கருதியிருக்க முடியாது. எங்கே எது சரி, எங்கே எது பிழை என்று அவர் அறிந்திருந்தார். நுணுக்கத்தின் முதல் இலக்கணம் அதுதான்: பிழைபடக்கூடியதாக இருப்பது. எப்படிச் செய்தாலும் சரி என்று சொல்லக்கூடிய ஒன்றில் நுணுக்கத்துக்கு இடமே இல்லை.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் வந்தது. பேச்சுமொழி நாடகத்துக்கு அதற்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது. பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் இயங்கிய நாட்களிலேயே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதினார். ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’ முதலியவை அடங்கிய ‘நானாடகம்’ 1940இல் நூலாக வந்தது. கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்த மொழியியலறிஞர் ஒருவர் ஊர்ப் பேச்சை மேடைக்கு எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. கல்லில் உள்ள எழுத்துக்குக் கொடுத்த கவனத்தையே அவர் வாயில் உள்ள ஒலிக்கும் கொடுத்தார். பின்னர் ‘சானா’ என்று அறியப்பட்ட சண்முகநாதன் வானொலி நாடகத் தயாரிப்பில் இருந்த காலத்தில் ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ போன்ற தொடர்கள் இந்தப் பேச்சை வீடு வீடாகக் கொண்டுபோயின. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ அதே வழியில் ஒரு குடும்பத்தின் துயரத்தைச் சொன்னது. மேடையில் ஒருவர் தலை தாழ்த்தினால் பணிவு தெரிந்துவிடும். சால்வையை இடுப்பில் கட்டினால் அவர் நிலை தெரிந்துவிடும். கலையகத்தில் ஒலிவாங்கியின் முன் நிற்பவருக்கு உடையும் இல்லை, முகமும் இல்லை. யார் யாருக்கு என்ன முறை, யார் யாருடன் கோபம் என்பவை எல்லாம் வினைச்சொல்லின் கடைசி அசைக்குள் அடங்கவேண்டும். இந்த நெருக்கடியே கலையைக் கூர்மையாக்கியது.

அந்தக் கூர்மை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். தகப்பன் ஒருவர் மகனை எந்நாளும் ‘நீ’ என்றே அழைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். முதலிரண்டு காட்சிகளில் அது நம் காதில் படிந்துவிடுகிறது. மூன்றாம் காட்சியில் மகன் தன் இஷ்டத்துக்கு ஏதோ முடிவெடுத்துவிட்டான். தகப்பன் குரலை உயர்த்தாமல், ‘நீர் இனி உம்மடை பாட்டைப் பாரும்’ என்கிறார். இலக்கணப்படி மகனின் மதிப்பு ஒரு படி ஏறியிருக்கிறது. உண்மையில் அவன் வீட்டுக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டான். இந்த வரியை நடிக்கிறவர் ‘நீர்’ என்ற சொல்லை அழுத்தினால் காரியம் கெட்டுவிடும். அழுத்தம் கோபத்தைக் காட்டும். கோபம் இருந்தால் உறவும் இருக்கிறது. அழுத்தாமல், கந்தோரில் ஒரு சக உத்தியோகத்தரிடம் பேசுவதுபோல் அதைச் சொன்னால்தான் அந்நியம் முழுமையாகும். எதிர்த் திசையிலும் இது நடக்கும். புதிதாகக் கலியாணம் முடித்த இருவரில் கணவன் ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீர்’ என்பதற்கு இறங்கும் கணத்தில் நெருக்கம் தொடங்குகிறது. அதற்கு வசனமும் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். ஒரே சொல் ஓரிடத்தில் விலக்கவும் ஓரிடத்தில் சேர்க்கவும் செய்கிறது; எந்தப் படியிலிருந்து அந்தச் சொல்லுக்கு வந்தார்கள் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. கேட்பவர் முந்தைய படியை நினைவில் வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுத்தாளர் எழுதுகிறார், நடிகர் நடிக்கிறார். மூவரில் ஒருவர் தவறினாலும் அந்த இடம் வெறும் சொல்லாகிவிடும்.

நகரத்தின் பல தமிழ்களையும் ஒரே கலையகத்தில் நிறுத்திய நாடகம் ‘கோமாளிகளின் கும்மாளம்’. அதன் வெற்றியால் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமும் வந்தது. அதில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தை எஸ். ராமதாஸ் ஏற்றார். உபாலி என்ற சிங்களவராக வந்தவர் செல்வசேகரன். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால் வந்தார். பிராமணத் தமிழ் பேசும் ஐயராகப் பி.எச். அப்துல் ஹமீத் நடித்தார். இந்தப் பங்கீட்டை ஒருமுறை நின்று கவனிக்கவேண்டும். இந்து ஒருவர் முஸ்லிமின் தமிழையும், முஸ்லிம் ஒருவர் ஐயரின் தமிழையும், தமிழர் ஒருவர் சிங்களவர் பேசும் தமிழையும் தம் குரலில் ஏற்றிக்கொண்டார்கள். மற்றவர் பேச்சைப் பக்கத்திலிருந்து நீண்டகாலம் கேட்டிராத ஒருவரால் இது முடியாது. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பெயரே அவர்களின் முன்பெயராக நிலைத்துவிட்டது. குரல் எவ்வளவு பொருந்தியது என்பதற்கு மக்கள் கொடுத்த சான்றிதழ் அது. ஒரே ஆள் பல குரல்களையும் தாங்கிய கலைக்கு கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ சான்று. பஸ் கொண்டக்டர் ஒருவரின் தனிநடிப்பு அது. நெரிசல் பஸ்ஸில் கொண்டக்டருக்கு ஒவ்வொரு பயணியும் வேறு முறை, வேறு படி. சாரதி மட்டும் எப்போதும் ‘அண்ணை’. மேடையில் ஒரே ஒருவர் நிற்க, அழைப்புச் சொல் மாறும் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் பஸ்ஸில் ஏறுவதாக நமக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத பயணிகளை உண்டாக்கியவை விளிகளும் விகுதிகளும்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கனமான மறுப்பு எழும். நீ, நீர், நீங்கள் என்ற படிகள் அழகுக்காக உண்டானவை இல்லையே, சமூகத்தின் மேல் கீழை வாயில் வைத்துக் காப்பாற்றும் படிகள் தானே, அவற்றை ரசிப்பது ஏற்றத்தாழ்வை ரசிப்பது ஆகாதா என்பது அது. மறுப்பில் உண்மை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவர் ஒருவரை, உயர்சாதிக் குடும்பத்துச் சிறுவன் ‘நீ’ என்று அழைத்த காலம் இருந்தது. அந்த ‘நீ’க்குள் பெரும் அநீதி உறைந்திருந்தது. ஆனால் அந்த அநீதியை வெளியே கொண்டுவந்ததும் இதே நுணுக்கம்தான். கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை அவர்களின் பேச்சிலேயே எழுதினார்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று சரியாகப் பதிந்தபோது, விளக்கவுரை இல்லாமலே அநியாயம் தெரிந்தது. எல்லாரையும் ஒரே பொதுத்தமிழில் பேசவைத்திருந்தால் அந்தக் கதைகளில் சாதி மறைந்திருக்கும், சாதி ஒழிந்திருக்காது. படிகள் நீங்கிய சமூகத்தை விரும்புகிறவர்களுக்கே படிகளைத் துல்லியமாகக் கேட்கும் காது அதிகம் தேவை. அதோடு ‘நீர்’ என்ற நடுப்படி மேல் கீழை மட்டும் காப்பதும் இல்லை. இருவர் ஒருவரையொருவர் ‘நீர்’ என்று அழைக்கும்போது அங்கே சமத்துவமும் இருக்கிறது, மதிப்பும் குறையவில்லை.

இரண்டாவது மறுப்பு, வட்டார வழக்கை நடிப்பது கேலியில்தான் போய் முடியும் என்பது. முஸ்லிமைக் காட்ட இரண்டு சொல், மலையகத்தாரைக் காட்ட இரண்டு சொல், சிங்களவரைக் காட்ட இழுத்துப் பேசும் வாக்கியம் ஒன்று என்ற மலிவான வழி மேடைகளில் உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்தக் கேலியின் குறை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். அது போதிய அளவு துல்லியமாக இல்லை. ஒரு சமூகத்தின் அடையாளச் சொற்களைப் பொறுக்கி எடுத்தவருக்கு, அதே சமூகத்தவர் தாயோடு பேசும்போதும் கடன்காரரோடு பேசும்போதும் எப்படி மாறுகிறார் என்று தெரியாது. எல்லாக் காட்சியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் பாத்திரம் பொம்மைதான். மரிக்கார் கோபிக்கும்போது ஒரு தமிழும் கெஞ்சும்போது வேறு தமிழும் பேசினால் அவர் மனிதராகிவிடுகிறார். சிரிப்பு வந்தாலும் அது அவர் சிக்கிய சங்கடத்தைப் பார்த்து வரும் சிரிப்பு, அவர் பேச்சைப் பார்த்து வருவது இல்லை. கேலியையும் கலையையும் பிரிக்கும் கோடு எவ்வளவு நுட்பமாகக் கேட்டோம் என்பதில் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு பழையது. அறிஞர் பலர் சொன்னது. 1960களில் இலங்கையில் நடந்த மரபு பற்றிய விவாதத்தில் பேச்சுவழக்கில் எழுதுவது ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் கண்டித்தார்கள். செந்தமிழ் எல்லாருக்கும் பொது, வழக்குத் தமிழ் ஊருக்கு ஊர் பிரிப்பது என்பது அவர்கள் கவலை. 1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தவர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். இன்று பார்க்கும்போது, இந்தச் சண்டையில் ஒருவர் வென்று மற்றவர் தோற்கவேண்டிய அவசியமில்லை என்பதற்கு இலங்கை வானொலியே ஆதாரம். எஸ்.பி. மயில்வாகனம் முதலான அறிவிப்பாளர்கள் பேசிய தெளிந்த தமிழைத் தமிழகத்திலும் மக்கள் விரும்பிக் கேட்டார்கள். அதே நிலையத்திலிருந்துதான் விதானையாரும் கந்தையாவும் ஊர்ப் பேச்சுப் பேசினார்கள். பலரை நோக்கிப் பேசும்போது பொதுத்தமிழ் துல்லியமானது. ஒருவர் இன்னொருவரை நோக்கிப் பேசும்போது வழக்குத் தமிழ் துல்லியமானது. அறிவிப்பாளர் கொச்சையில் இறங்கினாலும் பிழை, நாடகப் பாத்திரம் செந்தமிழில் ஏறினாலும் பிழை. இரண்டு பிழைகளையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்பதால், அந்த அளவுகோல் வட்டாரப் பற்றுக்கு அப்பாற்பட்டது. ‘உந்தக் கதை’யின் சுவை வெளியூராருக்குப் புரியாதே என்று கேட்கலாம். இராகம் தெரியாதவருக்கும் பாட்டு இனிக்கிறது. தெரிந்துகொண்டால் இன்னும் இனிக்கிறது. இந்தக் கலைக்கும் அதே நியாயம் போதும்.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகும் போர்க்காலம் முழுவதிலும் வடக்கு, கிழக்கிலிருந்து வந்த குடும்பங்களால் வெள்ளவத்தையில் அடுக்குமாடிகள் நிறைந்தன. அங்கே வளர்ந்த பிள்ளைகளின் காதில் பாட்டியின் ‘வாங்கோ’வும் சென்னைத் தொடர்களின் ‘வாங்க’வும் ஒன்றாகவே விழுகின்றன. ‘நீர்’ அருகிவருகிறது, உகரச் சுட்டு அதைவிட வேகமாக அருகிவருகிறது. பேச்சு மாறுவது இயல்பு. அதைத் தடுத்து நிறுத்தும் உரிமை கலைக்கு இல்லை. ஆனால் கொழும்பில் இன்று நாடகமும் குறும்படமும் எழுதுகிறவர்கள் புதிய கலப்பையும் அதே கவனத்தோடு கேட்கலாம். ஒரே பிள்ளை பாட்டியிடம் ‘ஓம்’ என்றும் வகுப்புத் தோழியிடம் ‘ஆமா’ என்றும் சொல்கிறது. எந்த வயதில், யார் முன்னால் அந்த மாற்றம் நடக்கிறது என்பதில் ஒரு முழு நாடகமே இருக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்து, 1942இல் தோன்றி இன்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களில் ஒன்றாக உட்கார்ந்து கேட்கும் வழக்கம் வந்தால் நல்லது. நினைவுகளைக் கிளறுவதற்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. அந்த நடிகர்கள் எந்த அசையில் எதைச் செய்தார்கள் என்று பாடம் கேட்பதற்கே அது வேண்டும்.

ரசிகரின் பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நடிப்பைப் பார்த்துவிட்டு ‘நுவான்ஸ்’ இருந்தது என்று சொல்லி எழுந்து போவது பாராட்டின் பாதிதான். எந்த இடத்தில், எந்தச் சொல்லில், எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு, அழுத்தியா அழுத்தாமலா என்று சொல்லும்போதுதான் கலைஞர் செய்த உழைப்புக்குக் கணக்குத் தீர்கிறது. அப்படிச் சொல்ல முடியாத இடத்தில் இரண்டில் ஒன்று நடந்திருக்கவேண்டும்: நாம் சரியாகக் கேட்கவில்லை, அல்லது அங்கே எதுவும் நடக்கவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், தடையில்லை. அதைச் சொன்ன வாய் அடுத்த வாக்கியத்தில் இடத்தையும் காட்டவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஒரு விகுதிக்குள் ஒரு குடும்பத்தின் பிளவையே அடக்கிக் காட்டிய கலைஞர்களுக்கு அந்த அளவு கவனத்தைக் கொடுக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.